தாமிரத் தட்டில் தெரிந்த நெறி

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சும்மா வாயால் சொல்லவில்லை. போன சித்திரை மாதம், ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே, உச்சி வெயிலில், தாமிரபரணியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று, கிழக்கே பார்த்துச் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் சொல்ல வந்திருக்கிறேன். சத்தியம் பாதியில் இருக்கும்போது ஒரு கெண்டை மீன் முழங்காலைக் கடித்தது. அதற்காக நான் ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. ஆகவே நீங்கள் தாராளமாக நம்பலாம்.

நெறிச்சாமி கொடிகட்டிப் பறந்த காலம் அது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற பேருந்து எங்கள் வாழைத்தோட்டத்துக்குப் பாதை பிரிகிற விலக்கில் முன்பெல்லாம் கைகாட்டினாலும் நிற்காது. சாமி வந்த பிறகு கைகாட்டாமலே நின்றது. "நெறிச்சாமி எல்லாம் இறங்குங்க!" என்று கண்டக்டர் கத்துவார். பாதிப் பேருந்து இறங்கும். இறங்காத மீதிப் பாதி, நமக்கு ஒரு நோய் இல்லாமல் போயிற்றே என்று ஜன்னல் வழியாக ஏக்கத்தோடு பார்க்கும்.

நெறி என்றால் உங்களுக்குத் தெரியும். காலில் முள் குத்திப் பழுத்தால் தொடையிடுக்கில் நெல்லிக்காய் மாதிரி ஒன்று திரண்டு நிற்குமே, அதுதான். நமக்கெல்லாம் சின்ன வயதில் கட்டியிருக்கும், நாலு நாளில் வற்றியிருக்கும். ஆனால் தோலில் புற்று வந்தவர்களுக்கு அந்த நெறி பெரிய விஷயம். காலில் இருக்கிற நோய் உடம்புக்குள் நடக்க ஆரம்பித்தால் முதலில் தங்கும் சத்திரம் அதுதான். ஆஸ்பத்திரியில் அதைப் பார்க்க ஸ்கேன் வைத்திருக்கிறார்கள், எடுக்கக் கத்தி வைத்திருக்கிறார்கள்.

சாமியிடம் ஒரு தாமிரத் தட்டும் ஒரு வாழையிலையும் இருந்தன.

தட்டில் ஆற்றுத் தண்ணீரை ஊற்றிக் குனிந்து பார்ப்பார். எந்தக் காலில் நோய் என்று சொல்லிவிடுவார். காலைக் காட்டவே கூடாது. "நோயைச் சாமி நேரா பாத்தா அது கூசி உள்ள ஓடிரும்" என்று சொல்லி, இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் பெரிய தலைவாழை இலையைப் போட்டு மூடிவிடுவார்கள். பிறகு, பக்கத்தில் ஒரு சட்டியில் இருக்கும் ஆரத்தித் தண்ணீரில், அதாவது மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீரில், கையை முக்குவார். இலைக்கு அடியில் கையை விடுவார். முனகுவார். கண் செருகும். கை வெளியே வரும்போது இரண்டு விரலுக்கு நடுவில் சிவப்பாக, வழுவழுவென்று, ஒரு நெறி இருக்கும்.

கத்தி இல்லை. தையல் இல்லை. தழும்பு இல்லை. எடுத்த நெறியை ஒரு பித்தளைச் செம்பில் 'டொப்' என்று போடுவார். அந்த 'டொப்'புக்குப் பெண்கள் குலவை போடுவார்கள்.

பணம்? தொடவே மாட்டார். நெறி ஒன்றுக்கு வாழைத்தார் ஒன்று, அவ்வளவுதான். கூடங்குளத்திலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் வருகிறவர்கள் தாருக்கு எங்கே போவார்கள்? அதற்காகவே வாசலில் சாமியின் மச்சான் நடராஜ் ஒரு தார்க்கடை போட்டிருந்தான். முன்வாசலில் விற்ற தார், சாமி காலில் விழுந்து, பின்வாசல் வழியாக மறுபடி கடைக்கு வரும். ஒரே தார் ஒரு நாளில் ஆறு தடவை சாமியைத் தரிசித்ததை நானே பார்த்தேன். ஏழாவது தடவைக்குள் அது பழுத்துவிட்டது. இல்லாவிட்டால் மோட்சமே அடைந்திருக்கும்.

இந்த இடத்தில் கொம்பையா வருகிறார்.

கொம்பையா என் பக்கத்து வீடு. குத்தகைக்கு வாழை போடுகிறவர். நாற்பது வருஷமாக வாழைக்குள்ளேயே நடந்து, அவர் வேட்டி, கை, கால் எல்லாம் வாழைக்கறை. வாழைக்கறை எப்படிப்பட்டது என்று எங்கள் பக்கத்தில் கேட்டால் தெரியும். வேட்டி கிழிந்தாலும் கறை கிழியாது. அவருடைய இடது குதிகாலில் ஒரு கறுப்புப் பொட்டு வந்தது. கறை என்று நினைத்தார். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார். கறை போகவில்லை, அகலமானது. ஒன்றரை வருஷம் ஒரு மனிதர் தன் நோயைத் துவைத்துக்கொண்டே இருந்தார். ஊரில் யாரும் தப்புச் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேயும்வே" என்று யோசனைதான் சொன்னோம். அந்த யோசனையைச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

கடைசியில் அவர் மனைவி பாலம்மாள்தான், "கறைன்னா ரத்தம் வருமா? இது கறையில்ல, கெளம்பும்" என்று திருநெல்வேலிக்கு இழுத்துக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன். டாக்டர் விஜயஸ்ரீ என்று ஒரு அம்மா. முதல் நாளே துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"ஐயா, இது தோல்ல வர்ற புற்று. நம்ம ஊர் ஆளுகளுக்கு இந்த வகை வந்தா உள்ளங்கால், குதிகால்லதான் அதிகம் வரும். அந்த இடத்தைச் சுத்தி அகலமா வெட்டி எடுக்கணும். அதோட, இது தொடையிடுக்கு நெறிக்குப் போயிருக்கான்னும் பாக்கணும்."

"அதான் ஸ்கேன் எடுத்தாச்சேம்மா?" என்றார் கொம்பையா.

"ஸ்கேன்ல நல்லா இருக்கு. ஆனா ரொம்பச் சின்னதா இருந்தா ஸ்கேனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியாததத் தெரியும்னு சொல்ல மாட்டேன்யா. பொட்டு இருக்க இடத்துல நீல மருந்து ஒண்ணு போடுவோம். அது எந்த நெறிக்கு முதல்ல போய்ச் சேருதோ அந்த நெறி நீலமாயிரும். அதை மட்டும் எடுத்து நுண்ணோக்கியில பாத்தாப் போதும். தேடுறதுக்கு உதவியா துளியூண்டு கதிர் மருந்தும் சேத்துப் போடுவோம்."

"கதிர் மருந்துன்னா?"

"அணுக்கதிர்தான். பயப்படாதீங்க, ரொம்ப ரொம்பக் கொஞ்சம்."

அந்த அம்மா நல்லவர். உண்மையைச் சொன்னார். அதுதான் தப்பாகப் போயிற்று. வெளியே வந்ததும் கொம்பையா வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, கேட்டியளா? கூடங்குளத்த எடுத்து என் குதிகாலுக்குள்ள வைக்கப் போறாவளாம்."

"துளியூண்டுன்னாவல்லா?" என்றேன்.

"அங்கனயும் அப்படித்தான வே சொன்னாவ?"

ஆபரேஷனுக்கு வியாழக்கிழமை நாள் குறித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொம்பையா நெறிச்சாமி வாசலில் நின்றார்.

அங்கே நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பந்தலுக்குள் செருப்போடு போகக் கூடாது. அது எங்குமுள்ள வழக்கம். ஆனால் இங்கே செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய்விட முடியாது. நடராஜ் அதை இரண்டு கையாலும் வாங்குவான். பூ வாங்குகிற மாதிரி வாங்குவான். திருப்பிப் பார்ப்பான், தூசி தட்டுவான், பலகையில் வைப்பான். "பக்தர் செருப்புக்கே என்ன மரியாதை பாத்தீயளா" என்று ஊர் உருகியது. செருப்பை வைத்துவிட்டு, பக்தர் மணிக்கட்டில் வாழைநார் ஒன்றைக் காப்பாகக் கட்டுவான். சிலருக்கு வலது கை, சிலருக்கு இடது கை. அதன் பிறகுதான் உள்ளே.

கொம்பையாவுக்கு இடது கையில் கட்டினான்.

சாமி தட்டைப் பார்த்தார். "இடது காலு" என்றார். பந்தல் மூச்சை இழுத்தது. "கறுப்பு... கறுத்த பொட்டு..." கொம்பையா அழுதே விட்டார். சாமி இலைக்கு அடியில் கைவிட்டு மூன்று நெறி எடுத்தார். டொப். டொப். டொப்.

"வேர் போச்சு. இனி பொட்டு தானா உதிரும். ஆனா ஒண்ணு, கத்தி மட்டும் படக் கூடாது. பட்டா ஒரு நெறி ஒம்பதா முளைக்கும்."

மூன்று தாரை வைத்துவிட்டு கொம்பையா வீட்டுக்கு வந்தார். வியாழக்கிழமை எங்கும் போவதில்லை என்று அறிவித்தார். பாலம்மாள் ஏசினாள், அழுதாள், சோறு பொங்காமல் கிடந்து பார்த்தாள். மனிதர் அசையவில்லை. மறுநாள் காலையில் என் வீட்டு நடையில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அந்த டாக்டரம்மா எங்கிட்ட தனியாச் சொன்னா. இதத் தள்ளிப் போட்டா நோய் நமக்காகக் காத்துக் கெடக்காதுன்னு. இந்த ஆளு கேக்கமாட்டேங்குதாரு."

"நான் சொன்னா கேப்பானா? நான்தான தாயி அழுத்தித் தேய்க்கச் சொன்னேன்" என்றேன்.

எனக்கு அன்றைக்குச் செருப்பு வார் அறுந்திருந்தது. ஸ்ரீவைகுண்டம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சுடலைக்கண்ணு என்று ஒருவர் செருப்புத் தைக்கிறார். வாய் கொஞ்சம் நீளம். ஊசி அதைவிட நீளம். வாரைத் தைக்கக் கொடுத்துவிட்டு, மனசு கேட்காமல் கொம்பையா கதையைச் சொன்னேன். காலைக் காட்டாமலே எந்தக் கால் என்று சாமி சொன்ன அதிசயத்தையும் சொன்னேன்.

சுடலைக்கண்ணு என் செருப்பைக் கையில் வைத்துத் திருப்பினார்.

"உமக்கு வலது முட்டு வலிக்குமே?"

நான் திடுக்கிட்டேன். "எப்படிவே தெரியும்? தட்டு எதுவும் வச்சிருக்கீரா?"

"தட்டு எதுக்கு? உம்ம வலது செருப்பு வெளி ஓரமாத் தேஞ்சிருக்கு பாரும். முட்டு வலிச்சா மனுசன் அப்படித்தான் சாய்ச்சு மிதிப்பான். குதிகால்ல புண்ணு உள்ளவன் செருப்புல குதிகால் பக்கம் புதுசா இருக்கும், நுனி மட்டும் கிழிஞ்சிருக்கும். முப்பது வருசமா செருப்புத்தான் பாக்கேன், மூஞ்சியவா பாக்கேன்?" பல்லில் நூலைக் கடித்து அறுத்தார். "உங்க சாமி பேரு மகேஸ்வரன்தான? டவுன்ல ஒரு செருப்புக் கடையில பதினோரு வருசம் நின்னான். நான் அந்தக் கடைக்கு வார் தச்சுக் குடுத்துட்டு இருந்தேன். ஆள் உள்ள வரும்போதே காலப் பாத்து அளவு சொல்லிருவான். கெட்டிக்காரன். கடையவிட்டு நின்னுட்டான்னு கேள்விப்பட்டேன். இப்பத்தான தெரியுது, நிக்கல, பெருசாக்கிட்டான்."

"அப்ப நடராஜ் கட்டுத நாரு?"

"இடது செருப்பு தேஞ்சிருந்தா இடது கை, வலது செருப்பு தேஞ்சிருந்தா வலது கை. சீட்டை நோயாளி கையிலயே கட்டி அனுப்புதான். தட்டுல தண்ணிதான் தெரியும்வே, வேற என்ன தெரியும்?"

நான் உடனே ஓடிப்போய் கொம்பையாவிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செருப்புத் தைக்கவங்களுக்குச் சாமி மேல பொறாம" என்றார். நம்பிக்கை வந்துவிட்ட மனிதனுக்கு விளக்கம் சொல்வது, குட்டையில் கிடக்கிற எருமைக்குக் குடை பிடிக்கிற வேலை.

அப்போதுதான் சுடலைக்கண்ணுவே கடையை மூடிவிட்டு நேரில் வந்தார். வாதாடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கொம்பையா, நீரு அண்ணாச்சி செருப்பப் போட்டுட்டுப் போனா, சாமிக்கு உம்ம காலு தெரியாமப் போயிருமா?"

"அதெப்படிப் போவும்? அவரு பாக்கது தட்டுல."

"அப்ப ஒரு தடவ அப்படிப் போய்ப் பாரும். சாமி இடது காலுன்னு சொல்லிட்டா நான் ஊசிய ஆத்துல போட்டுட்டு அவருக்குச் செருப்புத் தூக்குதேன். வலதுன்னு சொல்லிட்டா, வியாழக்கிழம நீரு ஆஸ்பத்திரிக்குப் போவணும். சம்மதமா?"

கொம்பையா சிரித்தார். உண்மையான பக்தர். பயமே இல்லை. "சம்மதம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் போனோம். கொம்பையா காலில் என் செருப்பு, என் காலில் அவர் செருப்பு. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவு, அதைச் சாமி ஏற்பாடு என்று அவர் சொன்னார். அடையாளம் தெரியாமல் இருக்கத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார். அது தேவையே இல்லை. ஒரு நாளைக்கு நானூறு பேரைப் பார்க்கிற சாமி யார் முகத்தைப் பார்த்தார்?

நடராஜ் என்னிடமிருந்து செருப்பை வாங்கினான். பார்த்தான். தட்டினான். என் இடது கையில் நாரைக் கட்டினான். கொம்பையாவிடம் வாங்கினான். பார்த்தான். தட்டினான். வலது கையை நீட்டச் சொன்னான்.

கொம்பையா முகத்தில் முதல் தடவையாக ஒரு நிழல் விழுந்தது.

"தம்பி... இத இடது கையில கட்டப்பிடாதா?"

"சாமி உத்தரவு, பெரியவரே. மாத்தக் கூடாது."

"போன தடவ..."

"வரிசையில போங்க!"

என்னை முதலில் கூப்பிட்டார்கள். இலையைப் போட்டு மூடினார்கள். சாமி என் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார். அந்த வரிசையை அன்றைக்குத்தான் கவனித்தேன். முதலில் மணிக்கட்டு, பிறகு தட்டு.

"இடது காலு! கறுத்த பொட்டு! ரொம்ப முத்திருச்சே! ஒரு வாரம் தப்பியிருந்தா ஆளே இல்ல!"

என் இடது காலில் அன்றைக்கு இருந்தது ஒரு கொசுக்கடி மட்டும்தான். சாமி எடுத்தார், எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். ஏழு நெறி. எழுபத்து மூன்று வயதில் முட்டுவலி தவிர ஒரு நோயும் இல்லாமல் இருந்தவன், நோயாளியை நாலு நெறி வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டேன். எனக்குப் போட்ட குலவையில் பந்தலின் ஓலை உதிர்ந்தது.

அடுத்து கொம்பையா. பாலம்மாள் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொம்பையாவின் உதடு அசைந்தது. சாமி சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார். யாரிடம் வேண்டினாரோ தெரியாது. சாமிக்காக வேறு சாமியிடம்தான் வேண்டியிருக்க வேண்டும்.

சாமி மணிக்கட்டைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

"வலது காலு."

"சாமி," என்றார் கொம்பையா. "இன்னொரு தடவ நல்லாப் பாருங்க சாமி. பையப் பாருங்க. அவசரமில்ல."

"சாமிகிட்டயே சந்தேகமா? வலது காலுதான்! கறுத்த பொட்டு!" கை ஆரத்தித் தண்ணீருக்குள் போனது, இலைக்கு அடியில் போனது. "இந்தா, முதல் நெறி!"

கொம்பையா தலைத்துண்டை அவிழ்த்தார். இலையைத் தூக்கி எறிந்தார். வலது காலை நீட்டினார். கறை படிந்த, வெடித்த, ஆனால் பொட்டில்லாத கால். பிறகு இடது காலை நீட்டினார். குதிகாலில் அந்தக் கறுப்பு.

"ஞாயித்துக்கிழம இடதுன்னீரு. மூணு எடுத்தீரு. இன்னைக்கு வலதுங்கீரு. நடுவுல மாறுனது என் செருப்பு மட்டும்தானவே!"

ஆனால் கூட்டம் லேசில் விடுமா? முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "நெறி இடம் மாறியிருக்கும்! அதுவும் சாமி மகிமதான்!" என்றார். நாலு பேர் "ஆமா, ஆமா" என்றார்கள். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால், நோயைக் கால் மாற்றிய அதிசயத்துக்காகச் சாமிக்கு ஐந்து தார் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

பாலம்மாள் நேராக நடந்து போனாள். சாமி விரலுக்கு நடுவில் இருந்த நெறியைப் பிடுங்கினாள். உள்ளங்கையில் உருட்டினாள். அவள் முகத்தில் ஒரு யோசனை வந்தது. ஆஸ்பத்திரி யோசனை இல்லை, அடுப்பங்கரை யோசனை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு பிதுக்குப் பிதுக்கினாள்.

தோல் கையில் நின்றது. வெள்ளையாக ஒரு பருப்பு துள்ளி, நேராகத் தாமிரத் தட்டில் போய் விழுந்தது.

"அடப் பாவி!" என்றாள் பாலம்மாள். "இது மொச்சைல்லா! ராத்திரி ஊறப்போட்ட மொச்ச!"

அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிதுக்குப் பருப்புக்கு மொச்சை பிதுக்காத பெண் அந்தப் பந்தலில் ஒருத்திகூட இல்லை. பத்துப் பேர் சேர்ந்து பித்தளைச் செம்பைக் கவிழ்த்தார்கள். ஆளுக்கு ஒரு நெறி. பிதுக். பிதுக். பிதுக். ஆரத்திச் சட்டிக்குள் ஒருத்தி கைவிட்டாள், உள்ளே இன்னும் அரைப்படி நெறி ஊறிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு உண்டான புற்றை அதிகாலையிலேயே அளந்து போட்டு வைத்திருக்கிறார் மனிதர்.

எல்லோரும் சிரித்தோம். ஒருத்தி சிரிக்கவில்லை. கூடங்குளம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்த பிலோமினா என்கிற அம்மா. கையில் பிதுக்கிய பருப்பை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில நாள் குறிச்சிருந்தாவ. கத்தி படக் கூடாதுன்னு இவன் சொன்னான். ஆறு மாசமாச்சு. இப்ப அவரால படகுல ஏறி நிக்க முடியல" என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. அந்தப் பருப்பைப் பார்த்துச் சொன்னாள்.

சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த அமைதியில்தான் சாமி நழுவினார். பின்வாசல், தார் ஏற்றிய டெம்போ, புழுதி. அகப்பட்டவன் நடராஜ் மட்டும். சாமி தன் செருப்பைப் போடக்கூட நேரமில்லாமல் ஓடியிருந்தார். சுடலைக்கண்ணு அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் நுனியில தேஞ்சிருக்கு. ஆளுக்கு ஓடிப் பழக்கம் உண்டு" என்றார்.

மூன்றாம் நாள் நாங்குநேரியில் ஒரு செருப்புக் கடையில் வெறுங்காலோடு அளவு பார்த்துக்கொண்டு நின்றபோது சாமியைப் போலீஸ் பிடித்தது.

வியாழக்கிழமை கொம்பையா ஆஸ்பத்திரிக்குப் போனார். குதிகாலில் அகலமாக எடுத்தார்கள். நீல மருந்து போட்டார்கள். அது யாருடைய செருப்பையும் கேட்கவில்லை. தன் பாட்டுக்கு இடது தொடையிடுக்குக்குப் போய் ஒரு நெறியை மட்டும் நீலமாக்கிவிட்டு நின்றது. அதை எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே கடுகில் பாதியளவு நோய் இருந்தது. ஸ்கேனுக்குத் தெரியாதது, தட்டுக்கு எந்த ஜென்மத்திலும் தெரியாதது. இன்னும் ஆறு மாதம் மொச்சை பிதுக்கிக்கொண்டிருந்தால் அது எங்கே போய் நின்றிருக்கும் என்று நான் கேட்கவில்லை. பாலம்மாள் கேட்டாள். டாக்டரம்மா, "கேக்காதீங்கம்மா, இப்பத்தான் பிடிச்சாச்சே" என்றார். மிச்ச நெறிகளையும் வாரி எடுக்க வேண்டாமா என்று நான் கேட்டேன். "முன்னெல்லாம் எடுப்போம். இப்ப தவணை தப்பாம ஸ்கேன்ல கண்காணிச்சாப் போதும்னு சோதிச்சுப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டோம். பழசு தப்புன்னா மாத்திக்கிறதுதான் எங்க வேலை" என்றார். மருந்து ஏறுகிறது. பூரண குணமா என்றால், பார்க்கலாம் என்கிறார். உறுதி சொல்ல மறுக்கிற மனுஷியை எங்கள் ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை. கொம்பையாவுக்கு மட்டும் இப்போது ரொம்பப் பிடிக்கும். பிலோமினாவின் வீட்டுக்காரரும் அந்த டாக்டரம்மாவிடம்தான் போகிறார், ஆறு மாதம் பிந்தி.

ஆபரேஷன் ஆன அன்று இன்னொன்று நடந்தது. கொம்பையா ஒன்றுக்குப் போய்விட்டு அலறினார். "அண்ணாச்சி! பச்சையும் நீலமுமாப் போவுது!" அந்த நீல மருந்துதான், ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார் நர்ஸ். எங்கள் வட்டாரத்தில் நடந்த ஒரே நிஜமான அற்புதம் அதுதான். அதைப் பார்க்க ஒரு பேருந்துகூட நிற்கவில்லை.

பேருந்து வேறொன்றுக்கு நிற்கிறது. கூட்டம் பந்தலில் கவிழ்த்த செம்பிலிருந்து நாலைந்து மொச்சை மண்ணில் விழுந்து முளைத்துவிட்டது. கொடி பந்தக்காலில் ஏறிப் பூத்திருக்கிறது. புற்று முளைத்த கொடி, தொட்டால் நோய் தீரும் என்று யாரோ மஞ்சள் துணி கட்டியிருக்கிறார்கள். போன வாரம் உண்டியலும் வந்துவிட்டது. பிதுக்கிப் பார்த்த அதே கைகள்தான் கும்பிடுகின்றன. பாலம்மாள் மட்டும் வாரம் ஒரு தடவை போய்க் காயைப் பறித்துக் குழம்பு வைக்கிறாள். தெய்வக் குற்றம் என்கிறார்கள். குழம்பு நன்றாக இருக்கிறது என்கிறேன் நான்.

காலில் கறுப்புப் பொட்டு இருந்தால் தேய்க்காதீர்கள், காட்டுங்கள். காட்டும்போது டாக்டரிடமும் கேளுங்கள்: எப்படித் தெரியும், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று. வாழைக்காயை நாலு தடவை அமுக்கிப் பார்த்து வாங்குகிற நாம், உயிரை ஒப்படைக்கிற இடத்தில் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தால் குறைந்தா போய்விடுவோம்? பெரிய மனுஷன் சத்தியம் பண்ணிச் சொல்கிறானே என்று எதையும் நம்பிவிடாதீர்கள். நான் சொன்னதையும்தான்.

சித்திரையில் ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வராது.